கடலடிக்குப் பட்டா உண்டா?



நிலம், நீர், பொதுமக்கள் உரிமை என்ற பொருளில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது கடலடி. மலையடிவாரத்து ஊரில் இது என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் கார்த்திகைச் சோமவாரத்தில் நம் அண்ணாமலையார் கோயிலில் 1008 சங்குகளை அடுக்கிப் புனித நீர் நிரப்பி அபிஷேகம் செய்கிறார்களே, அந்தச் சங்குகள் எங்கிருந்து வந்தன? தமிழ்நாட்டுக் கோயில்களில் ஊதும் சங்கும் அபிஷேகச் சங்கும் பெரும்பாலும் தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலில் எடுத்தவை. ஒவ்வொரு சங்குக்கும் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் போயிருக்கிறார். அவர் போன இடம் யாருக்குச் சொந்தம், அங்கே போக அவருக்கு உரிமை உண்டா என்ற வழக்கு பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இந்த ஊர் மலைக்கும் அதே வழக்கு உண்டு என்பதால் இங்கே சொல்வது பொருத்தம் என்றும் நினைக்கிறேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கடலடியில் முத்துச்சிப்பியோ சங்கோ கூட்டமாகக் கிடைக்கும் இடத்தைப் பார் என்பார்கள். முத்துப்பார், சங்குப்பார். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, கரையிலிருந்து திசை உண்டு, ஆழம் இத்தனை பாகம், அதாவது இத்தனை கைவிரிப்பு, என்ற கணக்கு உண்டு. எட்டு, பத்துப் பாகம் ஆழத்தில் இறங்க, பழைய முறையில் வடத்தில் கட்டிய கல் வேண்டும். குளியாள் அந்தக் கல்லின் மேல் காலை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, வடத்தோடு சரசரவென்று இறங்குவார். இடுப்பில் வலைப்பை. அடியில் மணலும் சேறும் கலந்த தரை. சங்கு பாதி புதைந்து கிடக்கும். அது ஊர்ந்து போன தடம் மணலில் தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் மூச்சு தாங்கும். வடத்தைச் சுண்டினால் தோணியில் இருப்பவர் உடனே தூக்க வேண்டும். தூக்கத் தாமதித்தால் உயிர் போய்விடும். அதனால்தான் வடம் பிடிக்க மைத்துனரை வைத்துக்கொள்வார்கள், அக்காளோ தங்கையோ விதவையாக அவர் விடமாட்டார் என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். இப்போது கல் போய்விட்டது. தோணியில் கம்ப்ரசர், வாயில் காற்றுக் குழாய். குழாய் மடிந்தாலும் கம்ப்ரசர் நின்றாலும் ஆபத்துதான்.

இப்படி உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் பொருளுக்குக் கரையில் இருந்தவர்கள் எப்போதும் பங்கு கேட்டிருக்கிறார்கள். கொற்கை முத்துக்குப் பாண்டியர் உரிமை கொண்டாடியதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடற்கரை வழியே போன மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கும் போனதாக எழுதி வைத்திருக்கிறார். மந்திரம் ஓதுகிறவருக்கும் பங்கு எழுதியாகிவிட்டது. 1530களில் முத்துப்பாரைப் பற்றிய சண்டையில்தான் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடிப் போய் மதமும் மாறினார்கள். ஒரு சமூகமே ஞானஸ்நானம் பெற்றதற்குப் பின்னால் குளிக்கும் இடத்துக்கான வழக்கு இருந்தது என்பதை நம் வரலாற்றுப் பாடங்கள் போதிய அளவு சொல்வதில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவரின் சாதித்தலைவருக்கு இத்தனை கல் என்று வரியில்லாப் பங்கு பிரிக்கப்பட்டது. குளியாள் காலை ஊன்றும் கல்லே பங்கின் அளவாக இருந்தது. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பார்கள் நேரடியாகச் சர்க்கார் வசம். பாக் நீரிணையில் இராமநாதபுரத்துக் கரையை ஒட்டிய சங்குப்பார்கள் இராமநாதபுரம் ராஜா வசம். ராஜா அவற்றைக் குத்தகைக்கு விட்டார். எடுத்த சங்கு வங்காளத்துக்குக் கப்பலேறியது. அங்கே டாக்காவில் அதை அறுத்து வளையலாக்கினார்கள். வங்கத்தில் சுமங்கலிப் பெண் சங்கு வளையல் இல்லாமல் இருக்கமாட்டாள்; ஆகவே வியாபாரம் பெரிது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார் என்றால் அதன் மதிப்பை நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

இனி வழக்கு. குத்தகைதாரர் அனுமதி இல்லாமல் சிலர் அந்தப் பாரில் குளித்துச் சங்கு எடுத்தார்கள். அவர்கள் மீது திருட்டு வழக்கு. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்ற அந்த வழக்கு 1904ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். கேள்வி இதுதான்: கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி, கடலடியில் கிடக்கும் உயிருள்ள சங்கு ஒருவருடைய கைவசப் பொருள் ஆகுமா? கடலில் ஓடும் மீன் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்தவனுக்குச் சொந்தம். ஆனால் சங்கு மீன் அல்ல, பாரிலேயே ஊர்ந்து கிடப்பது. பார் ராஜாவுடையது, அவர் குத்தகைக்கு விட்டிருக்கிறார், ஆகவே அனுமதியின்றி எடுத்தது திருட்டு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பாக் நீரிணையின் மீது இந்தக் கரைக்குத் தொன்றுதொட்டு உரிமை உண்டு என்பதற்குச் சர்வதேசக் கடல் சட்டம் பேசுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவதும் உண்டு. அந்த வகையில் நமக்கு அது பெருமைதான்.

ஆனால் எனக்கு அதில் ஆறாத ஒரு வருத்தம் இருக்கிறது. அந்தப் பாரைக் கண்டுபிடித்தது யார்? அதற்குப் பெயர் வைத்தது யார்? எந்த மாதம் நீர் தெளியும், எந்த மாதம் கலங்கும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தது யார்? கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் இருந்த முஸ்லிம், பரதவக் குளியாட்கள். ராஜா ஒருநாளும் அங்கே இறங்கியதில்லை. அந்தக் கடலடியைக் கண்ணால் கண்டவர்கள் அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். காணாதவர் உரிமையாளராக நின்றார்.

சுதந்திரம் வந்த பிறகு இது மாறியிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி இராமநாதபுரம் ஜமீன் அரசு வசமானது. ராஜாவிடமிருந்து சங்குப்பாரைக் குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனம், கடலடி ஜமீனில் அடக்கமா இல்லையா என்ற கேள்வியோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1953இல் தீர்ப்பு வந்தது. கடல் எல்லை எத்தனை மைல், கடலடியை ஒருவர் உடைமையாக்கிக்கொள்ள முடியுமா, பழைய அரசர்களின் உரிமை எதுவரை என்றெல்லாம் அந்த வழக்கில் மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க வியப்பாக இருக்கும். வாதாடியது ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் குத்தகைதாரர். குளியாள் இந்த முறை கூண்டிலும் இல்லை, வழக்கிலேயே இல்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் பிறகு பார்களில் முத்துச்சிப்பி முன்போல் திரளவில்லை. சங்கு மட்டும் தொடர்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

மலையேறுகிற வழியில் இருக்கும் விரூபாட்ச குகை உங்களுக்கெல்லாம் தெரியும். ரமண மகரிஷி 1916 வரை பல ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்தக் குகை கீழே ஊரில் இருந்த ஒரு மடத்துக்குச் சொந்தம். கார்த்திகைத் தீபத்தின்போது குகைக்கு வருகிறவர்களிடம் மடத்துக்காரர்கள் காசு வாங்குவது பழைய வழக்கம். மடத்தின் உரிமையைப் பற்றி இரு தரப்புக்கு இடையே வழக்கு நடந்த காலத்தில் அது நின்று போயிருந்தது. வழக்கு முடிந்ததும் வென்ற தரப்பு மறுபடியும் வசூலைத் தொடங்கியது. இப்போது கூட்டம் குகையைப் பார்க்க வரவில்லை; இளம் சாமியைப் பார்க்க வந்தது. அதாவது அவரைப் பார்க்கவே கட்டணம் என்று ஆகிவிட்டது. அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. குகையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். வசூல்காரர் மரத்தடியையும் உள்ளடக்கித் தன் இடத்தைத் தள்ளி வைத்தார். ரமணர் இன்னும் தள்ளி வேறு குகைக்குப் போனார். கூட்டமும் அவரோடு போனது. கடைசியில் மடத்துக்காரர்களே வந்து, இனிக் காசு வாங்கமாட்டோம், திரும்பி வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். குகைக்குப் பத்திரம் மடத்திடம் இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்திரம் மலைக்கு வருகிறவர்களின் வழியையும் சேர்த்து விற்க உரிமை தருமா? அவர் எழுந்து போனதிலேயே அதற்குப் பதில் இருந்தது.

1930களின் பிற்பகுதியில் இதைவிடப் பெரிய வழக்கு வந்தது. அண்ணாமலையே யாருக்குச் சொந்தம், தேவஸ்தானத்துக்கா, அரசுக்கா? கோயில் தரப்பில் ரமணரைச் சாட்சியாகக் குறித்திருந்தார்கள். ஆசிரமத்துக்கே கமிஷன் வந்து அவரிடம் வாக்குமூலம் பதிவு செய்தது. மலையே லிங்கம் என்ற மரபைப் பற்றியும், மலையில் தான் வாழ்ந்த காலத்தைப் பற்றியும் அவர் சாட்சி சொன்னார். நான் இதில் கவனிப்பது வழக்கின் முடிவை அல்ல. ஓர் இடத்தின் உரிமையைப் பேசும் நீதிமன்றம், அந்த இடத்தில் கால் நூற்றாண்டு நடந்து, தூங்கி, அதன் ஒவ்வொரு சுனையையும் அறிந்த ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டது. சங்குப்பார் வழக்கில் இது நடக்கவில்லை.

2002இல் மத்தியத் தொல்லியல் துறை நம் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்க முனைந்தபோது இந்த ஊரே எழுந்ததும், 2004இல் அது திரும்பப் பெறப்பட்டதும் இந்த அவையில் பலர் நேரில் கண்டது. அன்றைக்கு ஊர் கேட்ட கேள்வி, சுவருக்குச் சொந்தக்காரர் யார் என்பது அல்ல. நாங்கள் இதுவரை வந்து போனதுபோல இனியும் வந்து போக முடியுமா என்பதுதான். அந்த அச்சம் சரியா, மிகையா என்று இன்று வாதிடலாம்; கேள்வி நியாயமானது.

வழியை மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெங்கல் புயல் மழையில் நம் ஊர் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அதன் பிறகு அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்றார்கள். ஈர மண்ணில் ஆயிரக்கணக்கான கால்கள் ஏறினால் என்ன ஆகும் என்று காரணம் சொன்னார்கள், ஊரும் ஏற்றுக்கொண்டது. காரணம் சொல்லி, எத்தனை நாளைக்கு என்று சொல்லி மூடுவது பாதுகாப்பு. காரணமும் காலமும் சொல்லாமல் மூடினால் அது சொந்தம் கொண்டாடுவது.

கடற்கரையில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. கடலை யாரும் விற்க முடியாது. ஆனால் கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை விற்கலாம். 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் வந்தபோது நடந்தது இதுதான். வயல் வாங்கினார்கள், குளம் வெட்டினார்கள், சுற்றிலும் வேலி போட்டார்கள். குப்பத்துக்காரர்கள் வலையோடு கடலுக்குப் போகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் சார்பில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் குளங்களை இடிக்க உத்தரவிட்டது. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று, அதே நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, இமாசலத்தில் பியாஸ் நதியைத் திருப்பிய விடுதி பற்றிய வழக்கில் இன்னொரு தீர்ப்பு தந்தது. நதி, கடற்கரை, காடு ஆகியவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்கள் சார்பில் வைத்திருக்கும் அறங்காவலர் என்று அது சொன்னது. இந்த ஊரில் அறங்காவலர் என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுவாமியின் சொத்தை விற்க அறங்காவலருக்கு உரிமை இல்லை. 1985இல் சென்னை மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களை அகற்றியபோதும், அதை எதிர்த்த மீனவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோதும் இந்தக் கோட்பாடு நம் நீதிமன்றங்களில் இல்லை. அன்று இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1996 தீர்ப்போடு இறால் விவகாரம் முடிந்துவிடவில்லை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, தீர்ப்பின் கடுமையைப் பெருமளவு தளர்த்திவிட்டது. வென்ற வழக்கும் இப்படிக் கரைவது உண்டு.

பணக்கார நாடுகளிலும் இதே சண்டைதான். கலிபோர்னியாவில் மார்ட்டின்ஸ் கடற்கரை என்ற இடத்தை ஒட்டிய நிலத்தை, இந்தியாவில் பிறந்த பெருமுதலீட்டாளர் வினோத் கோஸ்லா 2008இல் வாங்கினார். அங்கே அலைச் சறுக்குபவர்களும் மீன்பிடிப்பவர்களும் காலங்காலமாகப் போய்வந்த சாலைக்குப் பூட்டு விழுந்தது. மணல் பொது, கடல் பொது. போகிற ரோடு மட்டும் தனியார் என்பது வாதம். கீழ் நீதிமன்றங்களில் பொதுமக்கள் பக்கம் தீர்ப்பானது. 2018 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. அங்கே 1976இலிருந்தே கடற்கரைக்கென்று தனிச் சட்டமும், வழியைக் காப்பதற்கென்றே ஓர் ஆணையமும் இருந்தன. அவை இருந்தும் அத்தனை ஆண்டு இழுத்தது.

நம் கடலில் இன்று மூச்சடக்கி இறங்குகிறவர்களில் நான் மிகவும் கவலைப்படுவது இராமநாதபுரம் மாவட்டத்துப் பாசிப் பெண்களைப் பற்றி. பாம்பன், சின்னப்பாலம், பாரதி நகர் என்று கரை நெடுக அவர்கள் இருக்கிறார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணிக்கிழிசல், காலில் அளவு சேராத ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. பாறையும் பவளமும் அறுத்த தழும்பு இல்லாத கை ஒன்றும் இருக்காது. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து, கரையில் காயவைத்து விற்கிறார்கள். மரிக்கொழுந்து மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகராக மாறுகிறது. நாம் தின்னும் ஐஸ்கிரீமிலும் ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் அது இருக்கிறது.

அவர்கள் இறங்கும் இடம் தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத கடல். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் தேசியக் கடல் பூங்கா ஆனது. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். அன்றிலிருந்து தீவில் கால் வைப்பது அத்துமீறல். கடலில் வேலி இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. நேற்று வரை தாயும் பாட்டியும் இறங்கிய இடத்தில் இன்று பிடிபட்டால் அபராதம், பாசி பறிமுதல். 1904இல் குளியாட்களுக்கு நேர்ந்தது அப்படியே இவர்களுக்கு நேர்கிறது. ராஜாவின் இடத்தில் இப்போது வனத்துறை.

வனத்துறையின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவுகள் உண்மையிலேயே அழிந்து வருகின்றன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்குமாகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் பலனாக அலை நேரே தீவில் மோதி, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டியது இந்தப் பெண்கள் அல்ல. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது, விசைப்படகுத் தடைக் காலத்தில் 45 நாள் எடுப்பதே இல்லை, கையால் கிள்ளி எடுப்பது தவிர இரும்புக் கருவி இல்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்துப் பெண் தலைவர் ஒருவருக்கு இதற்காக 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. பாசி மறுபடி வளர எத்தனை நாள் வேண்டும் என்று கைப்பட அறிந்தவர்கள் போட்ட விதி அது. எந்த அரசாணையையும்விட அதை நான் மதிக்கிறேன். உலகம் விருது கொடுத்தது. அந்த விதியைச் சட்டமாக ஏற்று, இத்தனை நாள் இறங்கலாம் என்று எழுத்தில் கொடுக்க நம் அரசுக்கு இன்னும் மனம் வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜவ்வாது மலையில் அதற்காக மனு எழுதிக் கொடுத்தவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். அந்தச் சட்டத்தில் காட்டு நிலம் என்பதற்குள் தேசியப் பூங்காவும் அடங்கும். மூன்றாவது பிரிவில் மீனும் மற்ற நீர்நிலைப் பொருள்களும் சமூக உரிமையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. கடல் பூங்காவுக்கு இது பொருந்தாது என்று அதிகாரிகள் சொல்லலாம். பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து; வாதாடிப் பார்க்கத் தகுந்த வழக்கு. கஷ்டமான இடம் ஒன்று உண்டு. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து அதையே நம்பியிருந்ததை நிரூபிக்க வேண்டும். கடற்கரைக் குப்பத்தில் 75 ஆண்டுக் காகிதம் யாரிடம் இருக்கும்? புயல் கொண்டுபோகாத காகிதம் எது? ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள், மனுதாரர் அல்லாத ஊர் முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதையும் சான்றாக ஏற்கச் சொல்கின்றன. ரமணரிடம் அன்று கமிஷன் செய்தது இதைத்தான். இடத்தை அறிந்தவர் வாய்ச்சொல் எழுத்தில் ஏறிச் சான்றானது.

கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்காக 2023 ஆகஸ்டில் மாவட்டந்தோறும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது மீனவர்கள் எழுப்பிய புகாரும் எழுத்தில் பதிவில்லை என்பதைப் பற்றியதுதான். வலை காயும் இடம், படகு நிற்கும் இடம், கருவாடு உலரும் இடம், ஊரின் வருங்கால வீட்டு நிலம் எதுவும் வரைபடத்தில் சரிவர இல்லை என்றார்கள். வரைபடத்தில் இல்லாத வழியை நாளைக்கு ஒரு விடுதிக்காரரோ துறைமுகமோ மூடினால், இருந்தது என்று எப்படிக் காட்டுவது? பார்களுக்குக் குளியாட்கள் வைத்த பெயர்களும் அப்படித்தான். பல பெயர்கள் இன்று சில முதியவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

இந்த அவையில் சட்டக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள். வரலாறு படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். சொந்த ஊர் கடற்கரையாக உள்ளவர்களும் சிலராவது இருப்பீர்கள். கோடை விடுமுறையில் கீழக்கரைக்கோ பாம்பனுக்கோ வேதாளைக்கோ போங்கள். எழுபது, எண்பது வயதைத் தாண்டிய குளியாட்களும் பாசி எடுத்த பாட்டிமார்களும் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தீவில் எந்தத் துறையில் இறங்கினீர்கள், யார் கூட்டிப்போனார்கள், எந்த ஆண்டு யார் வந்து தடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, தேதி போட்டு, படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, ஒரு நகலை ஊராரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த முதியவர்கள் நமக்காகக் காத்திருக்கமாட்டார்கள். இந்த ஆண்டே போங்கள்.